விரலைத் தின்றது வியாதியல்ல!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊனமுற்றோரின் உடல் நலத்தைப் பற்றியும், அவர்களைப் பராமரிப்பது பற்றி நடந்துள்ள ஆராய்ச்சிகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விஷயம் பெரியது. எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு வியாதியை எடுத்துக்கொள்கிறேன். நம் மண்ணில், செங்கல்பட்டிலும் வேலூரிலும் கரிகிரியிலும் நடந்த ஒரே ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால், ஊனம் எங்கிருந்து வருகிறது, யார் கையில் அதைத் தடுக்கும் சக்தி இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

நான் சொல்ல வந்தது தொழுநோய். நம் ஜனங்கள் பெருவியாதி என்பார்கள், குஷ்டம் என்பார்கள். பெயரைச் சொன்னதுமே இரண்டு பேர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நமக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1954-ல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தை உங்கள் தாத்தாமார் பார்த்திருப்பார்கள். எம்.ஆர். ராதா பிரமாதமாக நடித்தார். ஒழுக்கம் கெட்டவனுக்குக் குஷ்டம் வந்தது என்பதுதான் கதை. நடிப்பு பிரமாதம்; ஆனால் வைத்திய சாஸ்திரப்படி அது பொய். தொழுநோய் பாவத்தால் வருவதில்லை. பரம்பரையாக வருவதில்லை. அது ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி வாழ்ந்தால், மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வெளிவரும் நீர்த்துளிகளால் அது தொற்றக்கூடும். அப்படியும் பெரும்பாலான மனிதர்களின் உடல் அந்தக் கிருமியைத் தானே விரட்டிவிடும்.

சரி, கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் விரல் ஏன் குறைகிறது? கால் ஏன் அழுகுகிறது? இந்தக் கேள்விக்கு 1947 வரை சரியான பதில் இல்லை. "குஷ்டரோகியின் சதை கெட்ட சதை. அது தானாகவே அழுகி விழும். புண் வந்தால் ஆறாது" என்று பாமரர்கள் நம்பினார்கள். வைத்தியர்களும் ஏறக்குறைய அதையே நம்பினார்கள். ஆறாத சதைக்கு ஆபரேஷன் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அழுத்திப் பிடித்த கை

பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். வெள்ளைக்காரர், ஆனால் 1914-ல் பிறந்தது நம் கொல்லிமலையில். பெற்றோர் அங்கே பாதிரி வேலைக்கு வந்தவர்கள். குழந்தையாக இருந்தபோது மலைஜனங்களோடு தமிழ் பேசி வளர்ந்தவர். இன்னொரு விஷயம் உங்களுக்கு முக்கியம். டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். உளி பிடித்த கை, பிறகு ஆபரேஷன் கத்தியைப் பிடித்தது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை வைத்தியராக வந்தார்.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தலைமை வைத்தியராக இருந்த ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்திருந்தார். தோட்டத்தில் நடந்துகொண்டே மடங்கிப்போன கைகளைப் பார்த்தார் பிராண்ட். விரல்கள் கழுகின் நகம் போல வளைந்து கிடந்தன. "இந்த ஊனம் எப்படி வருகிறது? யாராவது எலும்பு வைத்தியர் ஆராய்ந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று தெரிந்தது. ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தும்படி சொன்னார். அந்தக் கையில் பலம் இருக்காது என்று அவர் எண்ணியிருந்தார். அந்த மனிதர் அழுத்தியதும் நகம் சதையில் பதிந்து வலி தாங்கவில்லை!

தோழர்களே, அந்த வலியில்தான் ஆராய்ச்சி தொடங்கியது. கை செத்துவிட்டது என்றார்களே, செத்த கைக்கு இவ்வளவு பலம் எப்படி? அப்படியானால் முன்கையில் உள்ள நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன. வேறு சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன. எவை, ஏன்?

நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கைகளைப் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் சோதித்தார்கள். எந்த இடத்தில் தொட்டால் தெரிகிறது, எந்த இடத்தில் தெரியவில்லை, எந்தத் தசை அசைகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். இறந்துபோன நோயாளியின் உடலைத் திறந்து நரம்புகளை ஆராய்ந்தார் பிராண்ட். விஷயம் வெளிப்பட்டது. கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். உடம்பின் உட்புறச் சூட்டில் அது நன்றாகப் பெருகாது. தோலுக்கு அருகில் நரம்பு ஓடும் இடங்களில் போய் உட்காருகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல் வரை ஓடுமே, அந்த நரம்பு ஓடும் இடம் அப்படிப்பட்டது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒன்று. கணுக்காலுக்கு உட்புறம் ஒன்று. கண்ணை மூட வைக்கும் முகத்து நரம்பு ஒன்று. அங்கே நரம்பு வீங்கி நசுங்குகிறது. நரம்பு நசுங்கினால் இரண்டு நஷ்டம். சிறிய தசைகள் செயலிழந்து விரல் மடங்குகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், வலி தெரியாமல் போகிறது.

வலி என்றால் நமக்குப் பிடிக்காது. ஆனால் அது நம்முடைய காவல்காரன். அந்தக் காவல்காரன் போய்விட்டால் என்ன ஆகும்?

எலி தின்ற விரல்

ஒரு நாள் பிராண்ட் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்கத் திணறிக்கொண்டிருந்தார். சாவி திரும்பவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், நோயாளி, "நான் திறக்கிறேன்" என்று வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இந்தப் பையனுக்கு இவ்வளவு பலமா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை! நமக்கும் அந்தப் பலம் உண்டு. ஆனால் நம் விரல் வெட்டுப்படுவதற்கு முன்னே வலி, "போதும், நிறுத்து" என்று சொல்லிவிடுகிறது. அவனுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். சில நோயாளிகளுக்குக் காலையில் எழுந்து பார்த்தால் விரல் நுனியைக் காணோம். இரவு இருந்தது, விடிந்தால் இல்லை. "பார்த்தீர்களா, தானாக விழுந்துவிட்டது" என்று எல்லோரும் சொன்னார்கள். ஓர் இரவு காவல் இருந்து பார்த்தார்கள். எலி! எலி வந்து, உணர்ச்சியற்ற விரலைக் கடித்துத் தின்றது. தூங்குகிறவர் விழிக்கவே இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளி பூனையோடு போனார்.

பூனை! ஆயிரம் ஆண்டுகளாகச் சாபம் என்று சொல்லி வந்ததற்கு ஒரு பூனை பதில் சொல்லிவிட்டது.

பிறகு வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பைத் தொடங்கினார்கள். ஆபரேஷன் முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், பொம்மை செய்தார்கள். அங்கே ஒரு விதி ஏற்பட்டது. தினமும் ஒவ்வொருவரும் தன் கையையும் காலையும் பார்க்க வேண்டும். புதுக் காயம் இருந்தால் அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும். "தெரியாது, தானாக வந்தது" என்ற பதில் ஏற்கப்படாது. இந்தக் கொப்புளம் எங்கே வந்தது? சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கியதில். இந்தக் கீறல்? சுத்தியல் பிடியில் இருந்த சிராயில். இந்தச் சூடு? ராத்திரி விளக்குக் கண்ணாடியில் கை பட்டதில். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் கிடைத்ததும் வழியும் கிடைத்தது. பிடிக்குத் துணி சுற்றினார்கள், பிடியைத் தடிமனாக்கினார்கள், கைப்பிடியில் சிராயை இழைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆராய்ச்சியைச் செய்தது டாக்டர் மட்டுமல்ல. தன் கையைத் தானே பார்த்து, காயத்தின் காரணத்தைத் தானே தேடிய அந்த இளைஞர்களும் ஆராய்ச்சியாளர்கள்தாம். ஊனமுற்றவரைப் படுக்க வைத்து மேலே குனிந்து பார்ப்பது மட்டும் ஆராய்ச்சியாகாது. உளியைப் பிடிக்கிறவனிடம்தான் உளி எங்கே வெட்டுகிறது என்று கேட்க வேண்டும்.

புண் ஆறாது என்பதும் பொய்யாயிற்று. வேலை கொடுக்காமல், இடித்துக்கொள்ளாமல் காத்தால் இந்தக் கைகளின் புண் மற்றவர் புண்ணைப் போலவே ஆறியது. சதை கெட்ட சதையல்ல. நல்ல சதைதான். காவல்காரன் இல்லாத நல்ல சதை!

மடங்கிய விரல் நிமிர்ந்தது

சதை ஆறும் என்று தெரிந்ததும் ஆபரேஷனுக்குத் துணிந்தார்கள். நம் விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு நாண்கள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும். நல்ல நரம்போடு இருக்கும் நாண் ஒன்றை எடுத்து, உள்ளங்கை வழியே கொண்டு போய், செயலிழந்த தசையின் இடத்தில் தைத்தார்கள். சில வாரம் மாவுக்கட்டு. பிறகு பயிற்சி. பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்யும்படி அந்தத் தசைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மில்லில் ஒரு டிபார்ட்மெண்டில் இருந்தவரை இன்னொன்றுக்கு மாற்றினால் பழக நாள் ஆகிறதே, அதுபோலத்தான். மாதக்கணக்கில் பழகியபின் மடங்கிய விரல் நிமிர்ந்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தது. 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் இதற்கென்றே ஆராய்ச்சி ஆஸ்பத்திரி எழுந்தது. இந்தக் கலையைக் கற்க வெளிநாடுகளிலிருந்து வைத்தியர்கள் நம் வடாற்காட்டுப் பொட்டலுக்கு வந்தார்கள்.

அந்த ஆபரேஷன் மேஜையருகே ஒரு பெண் வைத்தியரும் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ், கொச்சியில் பிறந்தவர். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு பாதித்து, இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்தன. வைத்தியத் தொழில் அதோடு முடிந்தது என்று அவரே நினைத்தார். முடியவில்லை. கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நடக்க முடியாத வைத்தியர், மடங்கிய கைகளை நிமிர்த்தினார்! பிறகு அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, வேலூரில் மறுவாழ்வு வைத்தியத்துக்கென ஒரு இலாகாவுக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு ஒடிந்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், பாரம் விழுந்து கிடையில் கிடந்தவர்கள் அங்கே எழுந்து உட்காரக் கற்றார்கள். 1986-ல் அவர் காலமானார்.

நல்ல கை, பிச்சைக்கு உதவாத கை

வெற்றிக் கதையோடு நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னவனாவேன்.

ஆபரேஷன் செய்துகொண்டு போன ஒருவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்தார். இளைத்துக் கிடந்தார். நீங்கள் கொடுத்த கை பிச்சைக்கு உதவாத கை என்று டாக்டரிடம் முறையிட்டார். முன்னே மடங்கிய விரலைக் காட்டினால் காசு விழுந்தது. இப்போது கை நேராக இருக்கிறது, காசு விழவில்லை. வேலை கேட்டாலோ, முகத்தில் நோயின் தழும்பைப் பார்த்து விரட்டுகிறார்கள். வாடகைக்கு வீடு இல்லை, பஸ்ஸில் இடம் இல்லை. விரலை நிமிர்த்தினீர்கள், வயிற்றுக்கு என்ன வழி?

பிராண்ட் இதை மறைக்கவில்லை. தானே எழுதி வைத்தார். நவஜீவ நிலையத்தில் தொழில் கற்பித்ததே இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். ஊனத்தில் பாதி உடம்பில் இருக்கிறது. மீதிப் பாதி ஊரில் இருக்கிறது. ஊரில் இருக்கும் பாதியை எந்த அறுவைக் கத்தியும் அறுக்காது.

அந்தப் பாதி எவ்வளவு பழையது என்று பாருங்கள். 1898-ல் வெள்ளைக்கார சர்க்கார் தொழுநோயாளிகள் சட்டம் போட்டது. அதில் "ஏழைத் தொழுநோயாளி" என்று தனியாக ஒரு பிரிவு! பிச்சை எடுக்கிறவர், பிழைக்க வழியில்லாதவர் என்றால் வாரண்டு இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம், அடைத்து வைக்கலாம். வசதியுள்ளவனுக்கு வீட்டில் தனி அறை, இல்லாதவனுக்கு அடைப்பு. கிருமிக்குத் தெரியாத வித்தியாசம் சட்டத்துக்குத் தெரிந்தது! சுதந்திரம் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று? அந்தச் சட்டம் 2016 வரை ஏட்டில் கிடந்து, அந்த ஆண்டில்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, மருந்தில் குணமாகும் வியாதிக்காக மனைவியைத் தள்ளிவைக்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருந்தது.

மருந்து இருக்கிறது, பின் ஏன் ஊனம்?

இன்று தொழுநோய் முழுமையாகக் குணமாகும் வியாதி. 1981-ல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகிய மருந்துகள். சிலருக்கு 6 மாதம், சிலருக்கு 12 மாதம். சிகிச்சை தொடங்கிய சீக்கிரத்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

2005 முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் வந்துவிட்டது, தேசிய அளவில் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டோம் என்று இந்திய சர்க்கார் அறிவித்தது. ஒழிப்பு என்றால் ஒன்றுமே இல்லை என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆனால் 2022-ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 1,74,000 பேருக்கு மேற்பட்டவர்களில், இந்தியாவில் மட்டும் 1,03,000 பேருக்கு மேல்! பாதிக்கும் அதிகம் நம் நாட்டில்!

மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் செத்த நரம்பைத் திரும்ப எழுப்பாது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். நரம்பு புதிதாகப் பாதிக்கும்போதே, அதாவது 6 மாதத்துக்குள், தகுந்த மருந்து கொடுத்தால் பல பேருக்கு அதைக் காப்பாற்ற முடியும். தாமதித்தால் முடியாது. தாமதம் ஏன் வருகிறது? பயத்தால் வருகிறது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்ற பயம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயம். ஆக, வியாதி தொடங்கியதை ஊர் முடித்து வைக்கிறது!

இது உங்கள் காலின் கதையும்தான்

"எங்களுக்குத் தொழுநோய் இல்லையே, இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது நினைத்தால், இனிச் சொல்வதைக் கேளுங்கள்.

கையைப் போலவே காலையும் ஆராய்ந்தார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் அடிப்பகுதியில் குழிப்புண் வரும். அதுவும் அழுகல் என்றே எண்ணியிருந்தார்கள். அது நடையால் வருகிறது என்று வேலூர் ஆராய்ச்சி காட்டியது. நமக்கு ஓர் இடம் வலித்தால் நம்மை அறியாமலே பாதத்தைச் சற்று மாற்றி வைக்கிறோம். ஒரு கல் உறுத்தினால் நொண்டுகிறோம். நொண்டுவது குறையல்ல, தற்காப்பு! வலி தெரியாதவர் நொண்டுவதில்லை. அதே இடத்தில் ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை மிதிக்கிறார். அந்த இடம் உள்ளே நைந்து புண்ணாகிறது. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் அந்தப் புண் ஆறுகிறது. அது மறுபடி வராமல் இருக்கச் செருப்பு வேண்டும். அடியில் முள் ஏறாத கெட்டிச் சோல், மேலே பாரத்தைப் பரப்பும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர். இதைத்தான் எம்.சி.ஆர். செருப்பு என்கிறோம்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தின் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே வந்த சர்க்கரை வியாதிக்காரர்களின் கால்களைப் பார்த்ததும் அவருக்குப் பழக்கப்பட்ட புண் தெரிந்தது. சர்க்கரை வியாதியும் நரம்பைக் கெடுக்கிறது, பாதம் மரத்துப் போகிறது. கரிகிரியில் ஏழைத் தொழுநோயாளியின் காலில் கற்ற பாடம், உலகெங்கும் சர்க்கரை வியாதிக்காரர்களின் காலை வெட்டாமல் காக்கும் வைத்தியத்துக்கு உதவியது. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் மில் தொழிலாளியின் காலிலும், வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் நடவுப் பெண்ணின் காலிலும் இந்த மரத்துப்போதல் இருக்கலாம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தேன் என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: உடம்பில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த படை இருக்கிறதா பாருங்கள். அரிக்காது, வலிக்காது. அந்த இடத்தில் கோழி இறகால் வருடினால் தெரியவில்லை என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேமல் என்று எண்ணெய் தடவிக்கொண்டு ஆறு மாதம் இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது: கை கால் மரத்தவர் தினமும் இரவில் பாதத்தையும் விரலையும் பார்க்க வேண்டும். அடிப்பாதம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வையுங்கள், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுங்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கைக்குத் தெரியாத சூட்டைக் கண்ணால் கவனியுங்கள். அடுப்பிலிருந்து இறக்கத் துணி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது: எம்.சி.ஆர். செருப்பு அரசுத் திட்டத்தில் இலவசம். சீரமைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைக்குக் கூலி இழப்புக்கு ஈடாக உதவித் தொகையும் உண்டு. இது தருமம் அல்ல, உரிமை. செருப்பு வரவில்லை, அளவு இல்லை என்றால் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். தனியாகப் போகிற நோயாளி வெட்கத்தோடு திரும்பி வந்துவிடுவார்.

நான்காவது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்தவரும் அதில் உண்டு. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அரசு நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போது ஒருவர் ஊனமடைந்தால் அவரை வெளியேற்றக் கூடாது, வேறு வேலை தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நல்லது. தனியார் மில்லில் கை போனவருக்கு? வயலில் கால் போனவருக்கு? அங்கே அந்தப் பாதுகாப்பு எங்கே? அதைக் கேட்பது சங்கத்தின் கடமை.

ஐந்தாவது: இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். குணமடைந்து வந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கையால் கொடுக்கும் டீயைக் குடியுங்கள். மண்வெட்டிப் பிடிக்குத் துணி சுற்றிக் கொடுங்கள். கை மரத்தவரை அடுப்படி வேலைக்கும் கூர்மையான கருவி வேலைக்கும் தள்ளாமல், பாதுகாப்பான வேலையை மாற்றிக் கொடுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம், டாக்டர் சீட்டு வேண்டாம். நாம் மனது வைத்தால் நாளைக் காலையிலேயே செய்யலாம்.

தோழர்களே! ஒரு பூனையும், துணி சுற்றிய பிடியும், மெத்தென்ற செருப்பும் எத்தனையோ விரல்களைக் காப்பாற்றின. விரல் தானாக விழவில்லை என்பதை நிரூபித்த மண் நம் மண். கூலிக்காகக் காயத்தை மறைக்க வேண்டிய நிலையில் எந்த உழைப்பாளியும் இருக்கக் கூடாது. உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது மரத்துப்போன இடம் ஒன்று இருந்தால், அதை இன்றிரவே சொல்லுங்கள். நாளை காலை ஆஸ்பத்திரிக்குத் துணையாக நாங்கள் வருகிறோம்.